புல்லுக்கு அடியில் என்ன இருக்கிறது?

பாக்ஸ் கிரிக்கெட் மைதானம், கடை வாசல், பள்ளி முற்றம் என்று தொழில் இடங்களில் செயற்கைப் புல் போட்டவர்களும் போடப் போகிறவர்களும் எழுதிய கடிதங்கள் இந்த வாரம்.

கே: பூர்வீக இடத்தில் பாக்ஸ் கிரிக்கெட் டர்ஃப் போட்டேன். 14 லட்சம் செலவு, பாதி நகைக்கடன். ஐப்பசி மழையில் இரண்டு மூலையில் தண்ணீர் தேங்கியது. ஜாயின்ட் பிரிந்து பையன்கள் தடுக்கி விழுகிறார்கள். 'வாரன்டி புல்லுக்குத்தான், தரைக்கு இல்லை' என்கிறார் கான்ட்ராக்டர். – திருப்பூர் வாசகர்

ப: படிக்கவே மனது வலிக்கிறது. தரையையும் அவர்தான் போட்டார் என்றால் அந்தப் பேச்சை ஒப்புக்கொள்ளாதீர்கள். மண்ணை ரோலர் ஓட்டி இறுக்கி, ஜல்லி பரப்பி, வாட்டம் கொடுத்து, ஓரத்தில் வடிகால் வைத்த பிறகுதான் புல்லை விரிக்க வேண்டும். புல்லின் அடிப்பாகத்தில் ஓட்டைகள் இருக்கும். அதன் வழியே இறங்கும் தண்ணீருக்குக் கீழே போக்கிடம் இல்லையென்றால் அங்கேயேதான் நிற்கும். இறுக்காமல் கொட்டிய மண் மழையில் அமுங்கும், மேலே ஜாயின்டும் விட்டுக்கொடுக்கும்.

அவசரப்பட்டுப் புல்லைப் பெயர்க்காதீர்கள், அதுதான் உங்கள் சாட்சி. தேங்கிய தண்ணீரில் ஒரு ஸ்கேலை நிறுத்தித் தேதியோடு படம் எடுங்கள். பிரிந்த ஜாயின்டைத் தூக்கி, அடியில் இருக்கும் டேப்பையும் பசையையும் படம் எடுங்கள். அப்புறம் எழுத்தில் நோட்டீஸ் அனுப்புங்கள். 'வியாபாரத்துக்கு வாங்கியவர் நுகர்வோரே இல்லை' என்று வாதிடுவார்கள். பிழைப்புக்காகத் தானே தொழில் நடத்துபவரை 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் நுகர்வோராகவே பார்க்கிறது. நீங்களே மைதானத்தை நடத்துவதற்கான ஆதாரங்களைச் சேர்த்துவையுங்கள். கொடுத்த தொகை 50 லட்சம் வரை இருந்தால் மாவட்ட நுகர்வோர் ஆணையம் போதும், வக்கீல் கட்டாயமில்லை, 2 ஆண்டுக்குள் போக வேண்டும். முதலில் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்குப் பேசுங்கள்.

கே: காபி கடை முன்பு 300 சதுர அடி. 35 எம்.எம். போடலாமா, 40 எம்.எம். போடலாமா? – கும்பகோணம்

ப: இந்த எம்.எம். கேள்வியைக் கேட்டாலே எனக்குக் கோபம் வருகிறது. எம்.எம். என்பது இழையின் உயரம், அவ்வளவுதான். நீளமான முடி அடர்த்தியான முடி ஆகிவிடுமா?

நானும் இப்படித்தான் என் அலுவலக வாசலுக்கு உயரத்தை மட்டும் கேட்டு வாங்கினேன். இரண்டு கோடையில் வெளுத்துவிட்டது. உள்ளங்கையால் தடவினால் இழை பொடியாக ஒட்டிக்கொண்டு வந்தது. மழை பெய்த அன்று அந்தப் பச்சைத் துகள்கள் சாக்கடையில் மிதந்து போனதைப் பார்த்து நின்றது இன்னும் மனதை விட்டுப் போகவில்லை.

இழை பாலிஎத்திலீனா, பாலிப்ரோப்பிலீனா என்று கேளுங்கள். பின்னது பெரும்பாலும் விறைப்பு, விலையும் மலிவு. டிடெக்ஸ் எவ்வளவு என்று கேளுங்கள். 10,000 மீட்டர் இழை எத்தனை கிராம் என்பதுதான் அந்த எண். சதுர மீட்டருக்கு எத்தனை தையல் என்று கேளுங்கள். சாம்பிள் துண்டைத் திருப்பித் தையல் வரிசை நெருக்கமாக இருக்கிறதா என்று பாருங்கள், ஒரு கொத்தைக் கிள்ளி இழுங்கள். கையோடு வந்தால் அந்தக் கடையே வேண்டாம். பிடித்திருந்தால் அந்தத் துண்டின் பின்பக்கத்தில் மார்க்கரால் தேதி போட்டுக் கடைக்காரரிடம் கையெழுத்து வாங்கி வீட்டில் வையுங்கள். ரோல் வந்து இறங்கும்போது பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

நாற்காலி இழுபடும் இடத்துக்கு 25 எம்.எம். போதும், ஆனால் அடர்த்தியாக இருக்க வேண்டும்.

கே: மண்டப வாசலில் புல் விரித்திருக்கிறோம். அதன் மேல் வாண வேடிக்கை வைக்கலாமா? – சேலம்

ப: கூடவே கூடாது. பிளாஸ்டிக் அது, பொறி விழுந்த இடமெல்லாம் உருகும்.

கே: இன்ஸ்டாகிராமில் பார்த்து 80 சதவீதம் முன்பணம் அனுப்பினேன். பில் இல்லாவிட்டால் விலை குறைவு என்றார்கள், சரி என்றேன். இப்போது போனை எடுப்பதில்லை. – ஓசூர்

ப: கடை எந்த ஊரில் இருக்கிறது என்றுகூடக் கேட்காமல் பணம் அனுப்பியிருக்கிறீர்கள். பில் வேண்டாம் என்றும் ஒப்புக்கொண்டிருக்கிறீர்கள். இதற்கு மேல் நான் என்ன சொல்வது? வாட்ஸ்அப் பேச்சையும் பணம் போன விவரத்தையும் அழிக்காமல் வைத்து, இன்றே சைபர் குற்ற உதவி எண் 1930-ல் புகார் கொடுங்கள்.

கே: மழலையர் பள்ளி முற்றத்தில் போட்டோம். 11 மணிக்கே கால் சுடுகிறது என்று குழந்தைகள் அழுகிறார்கள். மட்டமான சரக்கா? – மதுரை

ப: நல்ல சரக்கும் சுடும். உயிர்ப்புல் நீரை ஆவியாக்கித் தன்னைக் குளிர்வித்துக்கொள்கிறது, பிளாஸ்டிக்கால் அது முடியாது. தண்ணீர் தெளித்தால் கொஞ்ச நேரம்தான் தாங்கும். நிழல் வலை கட்டுங்கள், மாலையில் மட்டும் விளையாட விடுங்கள். கறுப்பு ரப்பர் துகள் தூவியிருந்தால் அள்ளி எடுத்துவிடுங்கள். மைக்ரோபிளாஸ்டிக் பரவுகிறது என்பதால், மைதானங்களுக்கு அந்தத் துகளை விற்பதை ஐரோப்பிய ஒன்றியம் 2023-ல் தடை செய்து, மாறிக்கொள்ள 8 ஆண்டு அவகாசம் கொடுத்திருக்கிறது. இருந்த மண் தரையை மூடியதில் எனக்கு வருத்தம்தான்.

கே: அலுவலக முகப்பில், கண்ணாடிச் சுவரை ஒட்டி ஒரு பட்டை மட்டும் புல் உருகிச் சுருண்டுவிட்டது. கடைக்காரரிடம் சண்டை போட்டேன். அவர் ஒப்புக்கொள்ளவே இல்லை. – சோழிங்கநல்லூர்

ப: அவர் மேல் தப்பு இருப்பதாகத் தெரியவில்லை. வெப்பம் தடுக்கும் பூச்சுள்ள கண்ணாடி வெயிலை வெளியே திருப்பி அடிக்கும். அது ஒரே இடத்தில் குவிந்தால் புல் உருகிவிடும். மதியம் அந்தப் பட்டையில் செருப்பில்லாமல் ஒரு நிமிடம் நின்று பாருங்கள். அதை மட்டும் வெட்டி எடுத்துக் கூழாங்கல் பரப்புங்கள். கடைக்காரருக்கும் ஒரு போன் போட்டு மன்னிப்புக் கேட்டுவிடுங்கள்.