புது மாடு பாலை அடக்குகிறதா?

சந்தையில் 8 லிட்டர் என்று சொல்லி வாங்கிய ஜெர்சி கலப்பினப் பசு, வீட்டில் 3 லிட்டர்தான் தருகிறது, உதைக்கிறது, ஏமாந்துவிட்டோமா என்று கேட்டிருந்தீர்கள்.

அவசரப்படாதீர்கள் அண்ணா. லாரிப் பயணம், புதுக் கொட்டகை, புது ஆள், மாடு மிரண்டுபோயிருக்கும். மடியில் பால் இறங்க ஆக்ஸிடோசின் என்ற ஹார்மோன் மாட்டின் உடலில் சுரக்க வேண்டும். பயத்தில் ஊறும் அட்ரினலின் என்ற இன்னொரு ஹார்மோன் அதன் வேலையைத் தடுத்துவிடும். பால் மடியிலேயே நின்றுவிடும்.

முதலில் மடிநோய் இல்லை என்று உறுதி செய்யுங்கள். முதல் பீச்சைக் கறுப்புத் துணியில் விட்டால் திரி திரியாக வருகிறதா என்று தெரியும். மடி சூடாகவோ கல் மாதிரியோ இருந்தால் மருத்துவரிடம் காட்டுங்கள்.

அது இல்லையென்றால், தினமும் ஒரே ஆள், ஒரே நேரத்தில் கறக்கட்டும். கன்று இருந்தால் கொஞ்சம் ஊட்டவிடுங்கள். இல்லாவிட்டால் வெதுவெதுப்பான நீரில் மடியைக் கழுவி, ஒரு நிமிடம் தடவிக்கொடுத்து, உடனே கறங்கள். சுரப்பு சில நிமிடம்தான் நீடிக்கும். அந்த நேரத்தில் போன் பேசப் போகாதீர்கள்!

காலைக் கட்டி அடிப்பது வேண்டவே வேண்டாம். 'ஆக்ஸிடோசின் ஊசி போட்டால் பால் இறங்கும்' என்பார்கள், அதற்கும் தலையாட்டாதீர்கள். அப்புறம், மாட்டுக்கு எப்போதும் தண்ணீர் எட்டுகிறதா?