கொசுறு எந்தக் கணக்கில் வரும்?

கல்லூரியில் தத்துவம் நடத்தி ஓய்வு பெற்றவன் நான். நியாயம் எங்கிருந்து வருகிறது, நீதியிலிருந்தா, வழக்கத்திலிருந்தா, பிறவிக் குணத்திலிருந்தா என்று பலர் கேட்டிருந்தீர்கள்.

ஐயா, எடை சரியாகத்தான் போடுகிறேன். அப்புறமும் கொசுறு கேட்டுச் சண்டைக்கு வருகிறார்களே? (காய்கறிக் கடைக்காரர், அம்மாப்பேட்டை)

எடை நீதி, கொசுறு வழக்கம். ஆற்றோர மார்க்கெட்டில் நான் வாங்கும் அம்மா, தராசு முள் நேராக நின்ற பிறகுதான் ஒரு கொத்து கறிவேப்பிலையைப் பையில் போடுவார். அதைக் கேட்டு வழக்குப் போட முடியாது. ஆனால் ஒருநாள் போடாமல் விட்டபோது எனக்கு முகம் சுருங்கிவிட்டது. ஏமாந்த கோபம் இல்லை, வேற்றாளாக நடத்தப்பட்ட வருத்தம். அதற்காகக் கால் கிலோ தக்காளிக்கு ஒரு கட்டு கொத்தமல்லி கேட்பது அழிச்சாட்டியம்தான்!

எழுதி வைக்காமல் நியாயம் வருமா? (ஏற்காடு)

வரும். ஸ்காட்லாந்துத் தத்துவ அறிஞர் டேவிட் ஹியூம் 1740-லேயே இதற்குப் படகைத்தான் உதாரணம் காட்டினார். இரண்டு பேர் துடுப்புப் போடுகிறார்கள். ஒருவருக்கொருவர் வாக்குக் கொடுக்கவில்லை, ஆனாலும் கை ஒத்துப் போகிறது. நீதியும் அப்படிப் பழகிப் பழகி வந்தது என்பது அவர் கட்சி. உங்கள் ஏரியில் ஒருவர் துடுப்பை நிறுத்தினால் படகு வட்டமடிக்குமே, அதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

முன்னோர் வழக்கத்தை நீதி என்று சொல்லி உடைக்கலாமா? (செவ்வாய்ப்பேட்டை)

உடைத்திருக்கிறோமே. புரோகிதர் இல்லாத சுயமரியாதைத் திருமணம் 1920-களிலேயே தொடங்கிவிட்டது. 1950-களில் அப்படி ஒரு திருமணம் சென்னை உயர்நீதிமன்றத்துக்கு வந்தபோது, செல்லாது என்று தீர்ப்பானது. வழக்கம் என்றால் தொன்றுதொட்டு வந்திருக்க வேண்டும், இது நேற்று வந்தது என்பது ஒரு காரணம். யோசித்துப் பாருங்கள். தாலி கட்டி, பிள்ளை பெற்று, ஒரே வீட்டில் வாழ்ந்தவர்கள் சட்டத்தின் கண்ணில் தம்பதி இல்லை! 1967-ல் அண்ணா ஆட்சியில் சட்டம் திருத்தப்பட்டது. முன்பு நடந்த திருமணங்களும் செல்லும் என்றார்கள். எனக்குப் பிடித்தது அந்தப் பின்தேதிதான். இன்று அந்தத் திருமணமே பல வீடுகளில் வழக்கமாகிவிட்டது. ஆக, எல்லா வழக்கமும் ஒருநாள் புதுசாக இருந்ததுதான்.

பங்கு குறைந்தால் என் பேத்தி கத்துகிறாள். பிறவிக் குணமா? (கொண்டலாம்பட்டி)

ஓரளவுக்கு. 2003-ல் வெளியான ஓர் ஆய்வில், பக்கத்துக் குரங்குக்குத் திராட்சை கிடைப்பதைப் பார்த்த கபுச்சின் குரங்குகள் தமக்குக் கொடுத்த வெள்ளரித் துண்டை வேண்டாம் என்றன. பேத்திக்குக் கூடுதலாகக் கொடுத்துப் பாருங்கள், அப்போதும் கத்துகிறாளா என்று எழுதுங்கள்.