மாட்டு டாக்டராக விரும்பும் மகளுக்கு

பாலக்கோட்டிலிருந்து எழுதியிருக்கும் அம்மாவுக்கு,

மகள் கால்நடை மருத்துவம் படிக்க ஆசைப்படுகிறாள், நீட் தேர்வை நினைத்தால் பயமாக இருக்கிறது என்கிறீர்கள். முதலில் அந்தப் பயத்தை இறக்கி வையுங்கள். தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகத்தின் மாநில ஒதுக்கீட்டு இடங்களுக்குப் பிளஸ் டூ மதிப்பெண்தான் கணக்கு. அகில இந்திய ஒதுக்கீட்டுக்குப் போகும் 15 சதவீத இடங்களுக்கே நீட் தேவை. 6 முதல் 12 வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு 7.5 சதவீத உள் ஒதுக்கீடு இருக்கிறது. ஆறாம் வகுப்பிலிருந்தே அரசுப் பள்ளியில் படிக்கும் பெண்ணைப் பிளஸ் ஒன்னுக்குத் தனியாருக்கு மாற்றலாமா என்று கேட்கிறீர்கள். மாற்றாதீர்கள், கையில் இருப்பதை நீங்களே விட்டுக்கொடுத்ததாகிவிடும்.

பிளஸ் ஒன்னில் உயிரியல், இயற்பியல், வேதியியல் மூன்றும் வேண்டும். கூடவே கணிதமும் எடுத்தால், இந்த இடம் தவறினாலும் ஓசூர் அருகே மத்திகிரியில் இருக்கும் கோழியின உற்பத்திக் கல்லூரியின் பி.டெக். போன்ற படிப்புகளுக்கும் முயலலாம். பி.வி.எஸ்சி. எனும் கால்நடை மருத்துவப் பட்டப்படிப்பு ஐந்தரை ஆண்டுகள். கடைசி ஓராண்டு பயிற்சி.

இனி நீங்கள் கேட்காத கேள்விக்கு வருகிறேன். ஆட்டுக்குட்டியை மடியில் போட்டுக் கொஞ்சுகிறாள் என்று எழுதியிருக்கிறீர்கள். நல்ல குணம்தான், ஆனால் அதை வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது. பக்கத்துக் கால்நடை மருந்தகத்தில் கேட்டுக்கொண்டு சில சனிக்கிழமைகள் ஓரமாக நிற்க வையுங்கள். தோள்வரை உறை மாட்டிக்கொண்டு பசுவுக்குச் சினை பார்ப்பதை, நஞ்சுக்கொடி விழாத மாட்டின் நாற்றத்தை அவள் பார்க்கட்டும், முகரட்டும். எந்த விலங்கின் வாயருகிலும் கை கொண்டுபோக வேண்டாம் என்று கண்டிப்பாகச் சொல்லி அனுப்புங்கள், வெறிநோய் விளையாட்டல்ல.

அங்கே மருத்துவர் கேட்கும் கேள்விகளையும் கவனிக்கச் சொல்லுங்கள். "எப்போதிருந்து தீனி எடுக்கவில்லை?" என்றால் "நேற்றிலிருந்துதான்" என்பார் மாட்டுக்காரர். மூன்று நாள் கை வைத்தியம் பார்த்ததைச் சொல்ல மாட்டார். கோபப்படாமல் அதை அவர் வாயிலிருந்து வரவழைப்பதில்தான் பாதி வைத்தியம் இருக்கிறது. மனிதர்களோடு பேசப் பிடிக்காமல் இந்தப் படிப்புக்கு வரும் பிள்ளைகள்தான் பின்னால் திணறுகிறார்கள். காரிமங்கலம் மாட்டுச் சந்தைக்கும் ஒருமுறை அழைத்துப் போங்கள். இரண்டு பல்லா, நாலு பல்லா என்று வாயைப் பிரித்து வயது சொல்லும் வியாபாரியிடம் பாடப்புத்தகத்தில் கிடைக்காதது கிடைக்கும்.

பெண் பிள்ளை மாட்டை அடக்குவாளா என்று உங்கள் மாமனார் கேட்கிறாராம். முரட்டு மாட்டை எந்த மருத்துவரும் தனியாக அடக்குவதில்லை. கயிறும் ஆளும் அதற்குத்தான். கால்நடை மருத்துவக் கல்லூரி வகுப்புகளில் பெண்கள் நிறையவே இருக்கிறார்கள், அவரிடம் சொல்லுங்கள்.

வெளிமாநிலத்தில் சீட் வாங்கித் தருகிறேன் என்று வரும் தரகர்களிடம் முன்பணம் கட்டாதீர்கள். இந்தியக் கால்நடை மருத்துவ மன்றத்தின் அங்கீகாரம் இல்லாத கல்லூரியில் படித்தால் பதிவு செய்து தொழில் நடத்த முடியாது. பிளஸ் டூ முடிந்ததும் இந்தப் படிப்புக்குப் பல்கலைக்கழகத்தின் இணையதளத்தில் தனியாக விண்ணப்பிக்க வேண்டும். பொறியியல் கலந்தாய்வில் இது வராது. சாதிச் சான்றிதழில் பெயரும் தலைப்பெழுத்தும் பள்ளிப் பதிவோடு ஒத்திருக்கிறதா என்று இந்த விடுமுறையிலேயே சரிபார்த்துவிடுங்கள்.