ஜெர்மன் பில்ஸில் வெண்ணெய் மணம்: போட்டிக்கு முன் செய்ய வேண்டியது

வணக்கம். பீர் போட்டியில் நீங்கள் காய்ச்சிய ஜெர்மன் பில்ஸுக்கு (குளிரில் நொதிக்கவைக்கும் லாகர் வகை வெளிர் பீர்) 50-க்கு 27 கிடைத்தது, இரு நடுவர்களும் "வெண்ணெய் மணம்" என்று எழுதினார்கள் என்கிறீர்கள். அந்த மணத்தைத் தருவது டைஅசிட்டில் என்ற வேதிப்பொருள். நொதிக்கும்போது ஈஸ்ட் வெளிவிடும் ஒரு பொருள்தான் பீரில் டைஅசிட்டிலாக மாறுகிறது. கடைசியில் ஈஸ்டே அதை உறிஞ்சிக்கொள்ளும். நீங்கள் 10 டிகிரி செல்சியஸில் நொதிக்கவிட்டு, குமிழி அடங்கியதுமே குளிரவைத்துவிட்டீர்கள். பாவம், ஈஸ்டுக்கு அவகாசமே கிடைக்கவில்லை.

அடுத்த முறை நொதித்தல் முடியும் தறுவாயில் 16 முதல் 18 டிகிரிக்கு ஏற்றி இரண்டு மூன்று நாள் விடுங்கள். அப்புறம் இந்தச் சோதனையைத் தவறாமல் செய்யுங்கள்: இரண்டு குவளைகளில் கொஞ்சம் பீர் எடுத்து, ஒன்றை மூடி 60-70 டிகிரி வெந்நீரில் 20 நிமிடம் வையுங்கள். ஆறியதும் இரண்டையும் முகர்ந்து பாருங்கள். சூடாக்கியதில் வெண்ணெய் பாப்கார்ன் மணம் அடித்தால் இன்னும் காத்திருக்க வேண்டும்.

இதே பீரை செக் நாட்டுப் பாணி லாகர் பிரிவில் அனுப்பலாமா என்று கேட்டீர்கள். அங்கே லேசான டைஅசிட்டிலை ஏற்பார்கள், சரி. ஆனால் செக் பீருக்குரிய கனத்த மால்ட் (முளைகட்டிய பார்லி) சுவை உங்கள் பில்ஸில் இருக்காது. மொத்தம் 50-இல் சுவைக்கே 20 மதிப்பெண். அனுப்ப வேண்டாம்.

சோதனையில் தேறிய பீர் பாட்டிலில் மறுபடி வெண்ணெய் மணம் அடித்தால் கிருமித் தொற்றாக இருக்கலாம். பிளாஸ்டிக் குழாய்களை மாற்றிவிடுங்கள்.