ஆறரை மணிப் பசி

அன்புள்ள ஐயா,

பழக்கங்களைப் பற்றி நீங்கள் எழுதியவற்றைப் படித்திருக்கிறேன். அந்த உரிமையில் இதைக் கேட்கிறேன். எனக்கு 38 வயது. அலுவலகத்திலிருந்து வீட்டுக்குப் போகும் வழியில் ஒரு பர்கர் கடை இருக்கிறது. மூன்று வருடங்களுக்கு முன்பு, வேலை தலைக்கு மேல் இருந்த ஒரு சமயத்தில், வாரம் ஒருமுறை அங்கே வண்டியை நிறுத்த ஆரம்பித்தேன். இப்போது வாரத்தில் நான்கு நாள், சில வாரம் ஐந்து நாள். ஒரு பர்கர், ஃபிரைஸ், பெரிய குளிர்பானம். காருக்குள்ளேயே சாப்பிட்டு முடித்துவிட்டு வீட்டுக்குப் போகிறேன். மனைவிக்குத் தெரியக் கூடாதே என்று இரவுச் சாப்பாட்டையும் சாப்பிடுகிறேன்.

சமீபத்தில் ரத்தப் பரிசோதனையில் ட்ரைகிளிசரைடு என்ற ரத்தக் கொழுப்பு கூடியிருந்தது. சாப்பாட்டை மாற்றுங்கள் என்றார் மருத்துவர். ஒன்றாம் தேதியிலிருந்து எல்லாவற்றையும் அடியோடு நிறுத்தினேன். மதியம் வெறும் சாலட். ஒன்பது நாள் தாங்கியது. பத்தாம் நாள் அலுவலகத்தில் ஒருவருக்குப் பிறந்தநாள், பீட்சா வந்தது. இரண்டு துண்டு சாப்பிட்டேன். அன்று மாலையே மறுபடி அந்தக் கடை. அடுத்த வாரம் முழுக்க அங்கேதான். இப்படி மூன்று முறை ஆகிவிட்டது. எனக்கு மன உறுதியே கிடையாதா? இது அடிமைத்தனமா?

போன வாரம் என் மகள் என்னைக் கட்டிக்கொண்டு, “அப்பா, உங்க சட்டைல ஃபிரைஸ் வாசனை வருது” என்றாள். “இல்லையேம்மா” என்றேன். அந்தப் பொய்தான் இந்தக் கடிதத்தை எழுத வைத்தது. பெயர் வேண்டாம்.

அன்புடன்,
ஒரு வாசகர்

*

அன்புள்ள நண்பருக்கு,

அந்தக் காருக்குள் நானும் உட்கார்ந்திருக்கிறேன். இரவு வேலை பார்த்த நான்கு வருடங்கள், ஏறக்குறைய உங்களைப் போலவே. அதனால் எட்ட நின்று புத்தி சொல்கிற ஒருவனாக என்னை நினைக்க வேண்டாம். பரிசோதனை முடிவைப் பொறுத்தவரை மருத்துவர் சொல்வதைக் கேளுங்கள். மற்றதை மட்டும் நாம் பேசலாம்.

உங்கள் கடிதத்தை மூன்று முறை படித்தேன். பர்கர் வருகிறது, ஃபிரைஸ் வருகிறது, பீட்சா வருகிறது. ருசியாக இருந்தது என்று ஓர் இடத்தில்கூட நீங்கள் எழுதவில்லை. இது முக்கியமான விஷயம் என்று நினைக்கிறேன்.

2011-ல் டேவிட் நீல், வெண்டி வுட் முதலிய உளவியலாளர்கள் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். திரையரங்குக்கு வந்தவர்களில் சிலருக்குப் புதிதாகப் பொரித்த பாப்கார்னும், மற்றவர்களுக்கு ஒரு வாரம் பழசான பாப்கார்னும் கொடுத்தார்கள். படம் பார்க்கும்போது பாப்கார்ன் சாப்பிட்டுப் பழகாதவர்கள், நமுத்துப்போனதை மீதி வைத்துவிட்டார்கள். பழகியவர்களோ புதியதை எவ்வளவு சாப்பிட்டார்களோ அதே அளவு பழையதையும் சாப்பிட்டார்கள். நன்றாக இல்லை என்று அவர்களே சொன்னார்கள், ஆனாலும் சாப்பிட்டார்கள். வேறு சிலருக்கு அதே மாதிரிப் பழைய பாப்கார்னைத் திரையரங்குக்குப் பதிலாக ஒரு கூட்ட அறையில் கொடுத்தபோது இப்படி நடக்கவில்லை. திரையரங்கிலேயே, வழக்கமான கையை விட்டுவிட்டு மறு கையால் எடுத்துச் சாப்பிடச் சொன்னபோதும் பழையதைக் குறைவாகவே சாப்பிட்டார்கள்.

உங்கள் பழக்கமும் அந்தச் சாலையிலும் அந்த நேரத்திலும் அந்தக் கார் இருக்கையிலும்தான் இருக்கிறது. நாக்கில் இருப்பது கொஞ்சம்தான். ஆகவே கடை வாசலில் நின்றுகொண்டு மனத்தோடு மல்லுக்கட்டாதீர்கள். அந்த நிமிஷம் ஜெயிக்க முடியாத நிமிஷம். மாற்ற வேண்டியதெல்லாம் அதற்கு முன்னால் இருக்கிறது.

மதியச் சாலட்டிலிருந்து தொடங்குவோம். இலைகளை மட்டும் சாப்பிட்டுவிட்டு ஐந்தாறு மணி நேரம் வேலை பார்த்தால் ஆறரை மணிக்கு எந்த மனிதனுக்கும் வயிறு காந்தும். அதை மன உறுதிக் குறைவு என்று சொல்வது உங்களுக்கு நீங்களே செய்துகொள்ளும் அநியாயம். அது பசி. உடல் நியாயமாகக் கேட்கிற பசி. ஆரோக்கியமாகச் சாப்பிடத் தொடங்கும் பலரும் சறுக்குவது இங்கேதான் என்று நினைக்கிறேன், நானும் இங்கேதான் சறுக்கினேன். நல்ல சாப்பாடு என்றால் குறைந்த சாப்பாடு என்று எடுத்துக்கொள்கிறோம். மதியம் வயிறு நிறையச் சாப்பிடுங்கள். சாலட் இருக்கட்டும், அதோடு பருப்போ பயறோ முட்டையோ மீனோ கோழியோ ஏதாவது ஒன்று கட்டாயம் இருக்க வேண்டும். புரதமும் நார்ச்சத்தும்தான் மாலை வரை தாங்கும். அப்புறம், அலுவலகத்திலிருந்து கிளம்புவதற்கு அரை மணி நேரம் முன்பு, இருக்கையிலேயே, ஒரு பழமும் ஒரு கைப்பிடி கொட்டைகளும். பசித்தாலும் பசிக்காவிட்டாலும். என்னைக் கேட்டால், இந்தக் கடிதத்தில் நான் சொல்வதில் வேறெதையும் செய்யாவிட்டாலும் இதைச் செய்யுங்கள் என்பேன். பசியில்லாமல் அந்தக் கடையைக் கடந்து பார்த்தால்தான், நீங்கள் எதிர்த்துப் போராடியது எதை என்று தெரியும்.

ஓர் ஆறு வாரமாவது வேறு சாலையில் போங்கள். எனக்கு எட்டு நிமிஷம் கூடுதலாக ஆயிற்று. அலைபேசியில் உணவு ஆர்டர் செய்யும் செயலி இருந்தால் அதையும் நீக்கிவிடுங்கள். ஒன்று மட்டும் சொல்லிவிட வேண்டும், பழைய பழக்கம் அழிந்து போவதில்லை. இத்தனை வருடங்களுக்குப் பிறகும், தூக்கமில்லாத ஒரு நாளில் அந்தப் பழைய சாலையில் போக நேர்ந்தால், திருப்பம் வரும்போது என் கை இண்டிகேட்டரைத் தேடும். அப்படி வந்தால் பயப்படாதீர்கள். கை தேடுவது ஒன்று, வண்டியைத் திருப்புவது வேறு.

தூக்கம் என்றதும் நினைவுக்கு வருகிறது. 2004-ல் வெளியான சிகாகோ பல்கலைக்கழக ஆய்வில் 12 இளைஞர்களை இரண்டு இரவுகள் நான்கு மணி நேரம் மட்டும் படுக்க விட்டார்கள். பசியைத் தூண்டும் கிரெலின் என்ற ஹார்மோன் 28 சதவீதம் கூடியது, நிறைவைச் சொல்லும் லெப்டின் என்ற ஹார்மோன் 18 சதவீதம் குறைந்தது. நீங்கள் எத்தனை மணி நேரம் தூங்குகிறீர்கள் என்று எழுதவில்லை. யோசித்துப் பாருங்கள்.

எல்லாவற்றையும் ஒரே நாளில் விட வேண்டாம். முதலில் அந்தப் பெரிய குளிர்பானத்தை விடுங்கள். 330 மில்லி கோலாவிலேயே ஏறக்குறைய 35 கிராம் சர்க்கரை இருக்கிறது, பெரிய கோப்பையில் அதைவிடக் கூடுதல். 2000 கலோரி சாப்பிடுகிற ஒருவருக்கு உணவில் சேர்க்கும் சர்க்கரை நாளுக்கு 50 கிராமுக்குள் இருக்க வேண்டும், 25 கிராமுக்குள் இருந்தால் இன்னும் நல்லது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. குடிக்கிற சர்க்கரை வயிற்றை நிரப்புவதில்லை, அதில் ஒரு பகுதி ஈரலில் கொழுப்பாக மாறி ட்ரைகிளிசரைடை ஏற்றலாம். உங்கள் பரிசோதனைத் தாளுக்கும் அந்தக் கோப்பைக்கும் தொடர்பு இருக்கலாம். ஏதோ ஒரு நாள் கடைக்குள் போய்விட்டால்கூடத் தண்ணீர் வாங்குங்கள்.

அடிமைத்தனமா என்று கேட்டிருந்தீர்கள். அந்தச் சொல் உணவுக்குப் பொருந்துமா என்பதில் ஆராய்ச்சியாளர்களுக்குள் இன்னும் சண்டை இருக்கிறது. எனக்கு அந்தச் சொல்லைவிட இந்த உணவின் அமைப்பு முக்கியமாகத் தெரிகிறது. அமெரிக்காவின் தேசிய சுகாதார நிறுவனத்தில் கெவின் ஹால் 2019-ல் வெளியிட்ட ஆய்வில், 20 பேரை ஒரு மாதம் அங்கேயே தங்கவைத்து, இரண்டு வாரம் மிகையாகப் பதப்படுத்திய உணவும், இரண்டு வாரம் பதப்படுத்தாத உணவும் கொடுத்தார்கள். தட்டில் வைத்த சர்க்கரை, கொழுப்பு, உப்பு, நார்ச்சத்து எல்லாம் இரண்டிலும் ஒரே அளவு. வேண்டுமளவு சாப்பிடலாம். பதப்படுத்திய உணவு கிடைத்த நாட்களில் அவர்கள் நாளுக்குச் சுமார் 500 கலோரி அதிகம் சாப்பிட்டார்கள், வேகமாகவும் சாப்பிட்டார்கள். வயிறு போதும் என்று சொல்வதற்குள் தட்டு காலி. உங்களுக்கு மட்டும் நடப்பது அல்ல இது. ஆனால் சாப்பிடத் தொடங்கினால் நிறுத்தவே முடியவில்லை, பெருமளவு சாப்பிட்டுவிட்டு உங்களையே வெறுக்கிறீர்கள் என்ற நிலை அடிக்கடி வந்தால், தயங்காமல் மனநல நிபுணரைப் பாருங்கள். அதற்குச் சிகிச்சை உண்டு.

பிறந்தநாள் பீட்சாவுக்கு வருகிறேன். இரண்டு துண்டால் ஒன்றும் கெடவில்லை. அதற்குப் பிறகு வந்த “சரி, எல்லாம் போச்சு” என்ற எண்ணம்தான் கெடுத்தது. 1975-லேயே பீட்டர் ஹெர்மன், டெபோரா மேக் என்ற உளவியலாளர்கள் இதைக் கண்டார்கள். முதலில் மில்க்‌ஷேக் குடிக்க வைத்துவிட்டு ஐஸ்கிரீம் கொடுத்தால், சாதாரணமாகச் சாப்பிடுகிறவர்கள் ஐஸ்கிரீமைக் குறைத்துக்கொண்டார்கள். உணவுக் கட்டுப்பாட்டில் இருந்தவர்கள்தான் கூடுதலாகச் சாப்பிட்டார்கள். லண்டனில் ஃபிலிப்பா லாலி 96 பேரை வைத்துச் செய்த ஆய்வில், ஒரு புதிய பழக்கம் படிய நடுவளவாக 66 நாள் ஆனது. சிலருக்கு 18 நாள், சிலருக்கு 254 நாள் வரை ஆகும் என்று கணக்கிட்டார்கள். நடுவில் ஒரு நாள் தவறியதால் பெரிய பாதிப்பு எதுவும் இல்லை. ஒன்பது நாளில் நீங்கள் எதையும் தோற்கவில்லை, தொடங்கியிருந்தீர்கள், அவ்வளவுதான்.

வீட்டுச் சாப்பாடு கொஞ்ச நாள் சப்பென்று இருக்கும். உப்பைக் குறைத்தவர்களை வைத்து 1982-ல் வந்த ஓர் ஆய்வு, சில மாதங்களில் அவர்களுக்குக் குறைந்த உப்பே பிடித்துப்போனதாகச் சொல்கிறது. அதுவரை எலுமிச்சை, மிளகு, பூண்டு எல்லாம் தாராளமாகச் சேர்த்துக்கொள்ளுங்கள்.

கடைசியாக, மறைப்பது. இதை எழுதத் தயக்கமாக இருக்கிறது, ஆனாலும் உங்கள் கடிதத்தில் என்னை அதிகம் வருத்தியது இதுதான். மறைப்பதற்காக நீங்கள் ஒவ்வொரு இரவும் இரண்டாவது முறை சாப்பிடுகிறீர்கள். நண்பரே, பர்கரைவிட இது உங்களுக்கு அதிகக் கெடுதல் செய்கிறது. உடம்புக்கும்தான், அந்தச் சாப்பாட்டு மேசையில் நீங்கள் தனியாக உட்கார்ந்திருப்பதாலும்தான். இன்றிரவே மனைவியிடம் சொல்லிவிடுங்கள். கோபப்படலாம், படட்டும். பிறகு “இன்னைக்கு அந்தக் கடையில நின்னுட்டேன், எனக்குச் சாப்பாடு வேண்டாம்” என்று சொல்ல முடிகிற வீடாக அது மாறும்.

உங்கள் மகள் மறுபடி கேட்க மாட்டாள். அப்பா இல்லை என்று சொன்னதால், தன் மூக்குதான் தவறு என்று எண்ணிக்கொண்டிருப்பாள். அவளை உட்காரவைத்து நீங்களாகச் சொல்லுங்கள்: “அன்னைக்கு நீ சொன்னது சரிதாம்மா, அது ஃபிரைஸ் வாசனைதான்.”

அன்புடன்