மூலைக் காணியில் 10 அடிச் சாய்வு: எந்தப் 10 அடி?

கேள்வி: வெள்ளவத்தையில் இரண்டு ஒழுங்கைகள் சந்திக்கும் மூலையில் எங்கள் 8 பேர்ச்சஸ் காணி இருக்கிறது. பழைய மதிலை இடித்துப் புதிதாகக் கட்டப் போகிறோம். மூலையை 10 அடிக்குச் சாய்த்து வெட்ட வேண்டும் என்கிறார் படம் வரைபவர். இது எதற்கு? எவ்வளவு நிலம் போகும்? மேசன் சரியாகக் கட்டுகிறாரா என்று நாங்களே பார்க்க முடியுமா?

பதில்: எதற்கு என்பது ஒழுங்கை முனையில் நின்று பார்த்தாலே விளங்கும். மதில் கூராக வீதி விளிம்புவரை வந்தால், ஆட்டோவின் மூக்கு வெளியே போன பிறகுதான் ஓட்டுகிறவருக்கு அந்தப் பக்கம் தெரியும். மூலையைச் சாய்த்துவிட்டால் அதற்கு முன்பே வருகிற வண்டி கண்ணில் படும்.

இதை ஒரு பெரிய நகரப் பகுதி முழுக்கச் செய்தது பார்சலோனா. 1859இல் பொறியியலாளர் இல்டபொன்ஸ் செர்தா வகுத்த விரிவாக்கத் திட்டத்தில் ஏறத்தாழ 113 மீற்றர் பக்கமுள்ள சதுரங்கள். ஒவ்வொன்றின் நான்கு மூலைகளும் 45 பாகையில் வெட்டப்பட்டவை. தெருவுக்குள் நீராவி வண்டிகள் வரும், திரும்ப இடம் வேண்டும் என்று எண்ணினார் மனிதர். வாஷிங்டனில் 1791இலேயே, அந்த நகரத்தின் திட்டத்தை வரைந்த லான்ஃபான், கட்டம் கட்டமான தெருக்களுக்கு மேலாகச் சாய்வீதிகளை ஓடவிட்டார். சதுரத்தின் இரு பக்கமாக நடப்பதைவிட மூலைவிட்டத்தில் நடந்தால் 29 சதவீதம் தூரம் மிச்சம்தான். ஆனால் ஓரங்களில் வீடு கட்டச் சிரமமான முக்கோணத் துண்டுகள் மிஞ்சும். வெள்ளவத்தைக்கு மூலை வெட்டே போதும் என்பது என் அபிப்பிராயம்.

சரி, கணக்குக்கு வருவோம். முதலில் படம் வரைபவரிடம் இதைக் கேளுங்கள்: எந்தப் 10 அடி? மூலையிலிருந்து இரண்டு எல்லை ஓரமாகவும் 10 அடி பின்வாங்குவதா, அல்லது சாய்வு மதிலின் நீளமே 10 அடியா?

முதலாவது என்றால் 10×10÷2, அதாவது 50 சதுர அடி போகும். ஒரு பேர்ச் 272.25 சதுர அடி. ஆகவே ஐந்தில் ஒரு பேர்ச்கூட இல்லை. சாய்வு மதில் 14 அடி 1¾ அங்குலம் வரும். சாதாரண தரத்தில் படித்த பைதகரஸ் தேற்றம்தான், செம்பக்கம் 10√2. இரண்டாவது என்றால் ஓரங்களில் ஏழடியும் ஓர் அங்குலமும் பின்வாங்கினால் போதும்; போவது 25 சதுர அடி, சரிபாதி. படத்தில் மூன்று பக்கங்களுக்கும் அளவு எழுதி வாங்குங்கள். வெட்டிய துண்டு உங்கள் உறுதியில் இருக்குமா, வீதியோடு சேருமா என்பதையும் மாநகர சபையில் கேட்டுவிடுங்கள்.

இவ்வளவும் மூலை செங்கோணமாக இருந்தால். நம் ஒழுங்கைகள் எல்லாம் மூலைமட்டம் வைத்துப் போட்டவை அல்லவே. ஒரு எல்லையில் 6 அடியிலும் மற்றதில் 8 அடியிலும் குறி வைத்து, குறிகளுக்கிடையே அளந்து பாருங்கள். 10 அடி வந்தால் செங்கோணம்; குறைந்தால் கூர்ங்கோணம். கோணம் 70 பாகை என்று வையுங்கள்: ஓரமாக அதே 10 அடி விட்டாலும் சாய்வு மதில் ஏறத்தாழ பதினொன்றரை அடிதான். பார்வைக்குத் திறக்கும் இடமும் குறையும். அப்படியான மூலையில் சபை கூடுதலாகக் கேட்டால் அதில் நியாயம் இருக்கிறது.

மேசன் விஷயம். "நாலு பக்கமும் சரி" என்பார். அது போதாது, நாலு பக்கமும் சரியாக இருந்தே காணி ஒரு பக்கம் சரிந்து நிற்கலாம். எதிர்ப் பக்கங்கள் சமமாக இருந்து இரண்டு மூலைவிட்டங்களும் சமமானால்தான் அது செவ்வகம். உங்கள் காணி செவ்வகம் இல்லையென்றால், நில அளவைப் படத்திலிருந்து ஒரு மூலைவிட்ட நீளத்தை எடுத்துத் தரையில் ஒப்பிடுங்கள். நாலு பக்கமும் அந்த ஒரு மூலைவிட்டமும் பொருந்தினால் வடிவம் மாற வழியில்லை.

முக்கியமான ஒன்று: இதைப் பழைய மதிலை இடிக்கு முன்பே செய்யுங்கள். மூலையை வெட்டிய பிறகு அளப்பதற்கு அந்த மூலை இருக்காது. மதில் எல்லைக்கு உட்பட்டது என்பதால் அதன் வெளிமுகத்தில் அளக்க வேண்டும். உள்முகத்தில் அளந்தால் மதிலின் தடிப்பு கணக்கைக் குழப்பும்.

அப்புறம், சாய்வில் இடம் இருக்கிறதே என்று கேற்றை அங்கே வைத்துவிடாதீர்கள். கார் பின்பக்கமாக நேரே சந்திக்குள்தான் வந்து இறங்கும்.