மேடையைத் திருப்பு, தம்பி

அன்புள்ள அக்கா,

நான் மலேசியாவின் தாப்பாவில் பிறந்து வளர்ந்தவன். இப்போது பல்கலைக்கழகத்தில் நிலவியல் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். போன விடுமுறையில் கேமரன் மலைச் சாலையில், லாத்தா இஸ்கண்டார் அருவிக்குக் கொஞ்சம் கீழே, சாலையோரம் கிடந்த கிரானைட் துண்டு ஒன்றை எடுத்து வந்து மெல்லிய சீவலாகத் தேய்த்தோம். நுண்ணோக்கியில் பழுப்பாக நிறையத் துணுக்குகள் தெரிகின்றன. சிலவற்றில் கோடுகள் உள்ளன, நிறமும் மாறுகிறது. சிலவற்றில் கோடும் இல்லை, நிறமும் மாறவில்லை. அவை வேறு கனிமமா? கைப்பேசியில் படம் எடுத்து ஒரு செயலியில் போட்டேன். ‘ஹார்ன்பிளெண்ட்’ என்ற கனிமம் என்றது. படத்தை இணைத்திருக்கிறேன், பார்த்துச் சொல்வீர்களா? பயோடைட் என்ற பெயரையே எடுத்துவிட்டார்கள் என்கிறார்களே, உண்மையா? சொந்தமாக ஒரு நுண்ணோக்கி வாங்க நினைக்கிறேன், எது நல்லது? இதையெல்லாம் தமிழில் கேட்பதற்கு மன்னிக்கவும். நம் மொழியில் இதற்கு வார்த்தைகள் இல்லை என்று தெரியும்.

க.

அன்புள்ள தம்பி,

உன் கடிதம் வந்த அன்று காலையில்தான் அம்மாவின் பழைய டிரங்குப் பெட்டியைத் திறந்து வைத்திருந்தேன். அடியில் துருப்பிடித்த மைலோ டின் ஒன்று இருந்தது. அதைக் கையில் வைத்துக்கொண்டே உன் கடிதத்தைப் படித்தேன். அதனால்தான் உடனே எழுதுகிறேன்.

முதலில் உன் கேள்வி. மாறாத துணுக்குகளும் பெரும்பாலும் மாறுகிறவற்றைப் போலவே பயோடைட்தான், அதாவது கரும் மைக்கா. ஒரு நோட்டுப் புத்தகத்தை மேசைமேல் படுக்கப் போட்டு மேலிருந்து பார்த்தால் அட்டை மட்டும் தெரியும். விளிம்பைப் பார்த்தால் தாள் தாளாகத் தெரியும். மைக்காவும் தாள் தாளாகப் பிரிகிற கனிமம். உன் கல்லை அறுத்த வாள் சில துணுக்குகளைத் தாள்களுக்குக் குறுக்கே அறுத்திருக்கிறது, சிலவற்றைத் தாளோடு தாளாக அறுத்திருக்கிறது. குறுக்கே அறுபட்டவற்றில் பிளவுக் கோடுகள் இழை இழையாக ஓடும், நிறமும் மாறும். தாளோடு அறுபட்டவை ஒரே பழுப்பாக நிற்கும். ஒளியை ஒரே திசையில் மட்டும் அதிரவிடும் தகடான போலரைசர் மேலே ஒன்றும் கீழே ஒன்றுமாக இருக்கும்; இரண்டையும் குறுக்காகப் போட்டால் கிட்டத்தட்ட இருட்டாகவே கிடக்கும். இதற்குப் பயப்பட வேண்டாம்.

பெயர் விஷயம் சின்ன விஷயம். 1998-இல் மைக்காக்களின் பெயர்களை ஒழுங்குபடுத்தியபோது, பயோடைட்டைத் தனிக் கனிமம் என்ற இடத்திலிருந்து இறக்கி, இரும்பும் மக்னீசியமும் வெவ்வேறு அளவில் கலந்த கரும் மைக்காக்களுக்குப் பொதுப்பெயராக வைத்தார்கள். கல் பொறுக்குகிறவர்கள் எல்லாரும் இன்றும் பயோடைட் என்றுதான் சொல்கிறார்கள். நீயும் அப்படியே சொல். நுண்ணோக்கி வாங்காதே. அந்தக் காசை அம்மாவிடம் கொடு. துறையில் இருப்பதை, கதவைப் பூட்டுகிற நேரம் வரைக்கும் உட்கார்ந்து பார்.

தமிழில் கேட்டதற்கு மன்னிப்பா? உன் வீட்டில் பாட்டி இருந்தால் கேட்டுப் பார். காக்காய்ப்பொன் என்று சொல்வார். மைக்காவுக்கு அவர்கள் வைத்திருந்த பெயர் அது. சித்த வைத்தியர்கள் அப்பிரகம் என்றார்கள். அதிலும் கறுப்பு அப்பிரகத்தை மருந்துக்கென்று தனியே பிரித்து வைத்தார்கள். உன் நுண்ணோக்கி மேடையில் கிடக்கிற பயோடைட்தான் அது. பழைய இரச நூல்கள் அப்பிரகத்தை நெருப்பில் போட்டுப் பார்க்கச் சொல்கின்றன. ஒரு வகை தாள் தாளாக விரியும், ஒன்று தவளைபோலக் கத்தும், ஒன்று பாம்புபோலச் சீறும், வச்சிர அப்பிரகம் மட்டும் எதுவும் செய்யாமல் கிடக்கும். எதை மருந்துக்கு எடுக்கலாம் என்று அதை வைத்து முடிவு செய்தார்கள். கையில் எடுத்து, சூடுகாட்டி, அது என்ன செய்கிறது என்று காத்திருந்து பெயர் சொன்னவர்களின் மொழி இது. இந்த மன்னிப்பை இன்னொரு முறை என் வாசலுக்குக் கொண்டுவராதே.

எனக்குக் கோபம் வந்தது உன் படத்தைப் பார்த்துத்தான்.

ஒரே ஒரு படம். நடுவில் ஒரு பழுப்புத் துணுக்கு. இதைப் பார்த்து என்ன கனிமம் என்று நான் சொல்ல வேண்டும். செயலியிடமும் இதையேதான் கேட்டிருக்கிறாய், அது பாவம், எதையோ சொல்லித் தொலைத்திருக்கிறது. தம்பி, பயோடைட்டின் முக்கியமான அடையாளமே திருப்பும்போது நடப்பதில் இருக்கிறது. உன் படத்தில் எதுவும் திரும்பவில்லை. பழுப்பாக இருக்கிறது என்பதற்கு மேல் எனக்கு ஒன்றும் தெரியவில்லை. பழுப்பாக இருப்பவை கிரானைட்டில் எத்தனையோ.

மேல் போலரைசரை எடுத்துவிட்டு, கீழ்ப் போலரைசரை மட்டும் வைத்துப் பார். கீழிருந்து வரும் ஒளி இப்போது ஒரே திசையில்தான் அதிர்கிறது. பயோடைட்டின் தாள்களில் இருக்கும் இரும்பு, தாள்வாக்கில் அதிர்கிற ஒளியை அள்ளிக் குடித்துவிடும். தாள்களுக்குக் குறுக்கே அதிர்கிற ஒளியைப் பெரும்பாலும் விட்டுவிடும். அதனால் மேடையைத் திருப்பத் திருப்ப, கோடுகள் போலரைசரின் திசையோடு ஒன்றும்போது துணுக்கு கட்டித் தே-ஓ, அதாவது பால் விடாத தேநீரின் நிறத்துக்குப் போகும். இன்னும் தொண்ணூறு பாகை திருப்பினால், இரண்டாம் முறை தண்ணீர் ஊற்றிய தே-ஓபோல வெளிறிய மஞ்சளுக்கு வந்துவிடும். பிளியோக்ரோயிசம் என்று உன் பாடநூலில் இருக்கும். சொல் தெரிந்தால் போதாது. கறுத்தது என்று எழுதினால் பாதி மதிப்பெண். எந்தத் திசையில் கறுத்தது என்று எழுத வேண்டும்.

இதை நான் அழுத்திச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. நானும் உன்னைப்போல் தோட்டத்திலிருந்து பல்கலைக்கழகம் போனவள். இறுதிச் செய்முறைத் தேர்வில் ஒரு சீவல் வைத்தார்கள். நீளமான பழுப்புத் துணுக்கு, திருப்பினால் பளிச்சென்று நிறம் மாறியது. பயோடைட் என்று எழுதிவிட்டு நிம்மதியாக வெளியே வந்தேன். அது டூர்மலின் என்ற வேறு கனிமம். டூர்மலினும் பழுப்பாக இருக்கும், அதுவும் நிறம் மாறும். ஆனால் நேர் எதிராக மாறும். அதன் நீளவாக்கு போலரைசருக்குக் குறுக்கே நிற்கும்போதுதான் அது கறுக்கும். பயோடைட்டில் இருக்கும் இழைக்கோடுகளும் அதில் கிடையாது. நான் திருப்பினேன், மாறுவதைப் பார்த்தேன், திசையைப் பார்க்கவில்லை. பயிற்றுநர் தாளைத் திருப்பிக் கொடுக்கும்போது, “எப்போது கறுத்தது?” என்று மட்டும் கேட்டார். என்னிடம் பதில் இல்லை. நம் மலைத்தொடரில் டூர்மலின் ஏராளம் தம்பி, வெள்ளீயம் இருக்கும் கல்லில் அதுவும் பெரும்பாலும் இருக்கும். நீ எடுத்து வந்த கல்லிலேயே இருக்கலாம்.

ஹார்ன்பிளெண்டா என்று செயலி சொன்னதையும் நீயே சோதிக்கலாம். ஹார்ன்பிளெண்டைக் குறுக்கே வெட்டினால் இரண்டு கோட்டு வரிசைகள் ஒன்றையொன்று வெட்டிக்கொண்டு போகும், 56 பாகையும் 124 பாகையுமாக. பயோடைட்டில் ஒரே வரிசைதான். நம் பக்கத்துத் தித்திவங்சா தொடர் 20 கோடி ஆண்டுகளுக்கு மேற்பட்ட பயோடைட் கிரானைட், ஹார்ன்பிளெண்டைக் கிழக்குக் கரைப் பக்கத்துக் கிரானைட்டுகளில்தான் அதிகம் பார்க்கலாம். ஆனால் இதைக் காரணமாக எழுதாதே. ஊரைச் சொல்லிக் கல்லுக்குப் பெயர் வைக்கக் கூடாது.

இப்போது மைலோ டின்.

எங்கள் ரப்பர் தோட்டம் மலையடிவாரத்தில். விடியுமுன் அம்மா நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு பால்வெட்டுக்குக் கிளம்புவாள். பள்ளி இல்லாத நாட்களில் ஒட்டுப்பால் பொறுக்க நானும் பின்னால் போவேன். ஒற்றையடிப் பாதை முழுக்கச் செம்மண். முந்தின நாள் மழையில் மேல்மண் கழுவிக்கொண்டு போயிருக்கும். அம்மா நேராகப் பார்த்து நடக்கும்வரை அது வெறும் மண்பாதை. பாம்பு ஏதும் கிடக்கிறதா என்று தலையைப் பக்கவாட்டில் திருப்புவாள் பார், அந்த நொடியில் பாதையின் ஒரு பக்கம் முழுக்கப் பொன்பொடி தூவினதுபோல மின்னும். தலை நேரானதும் எல்லாம் அணைந்துவிடும். நான் குனிந்து கைவிளக்கை அடித்துத் தேடுவேன், ஒன்றும் இருக்காது. விளக்கைச் சாய்க்க வேண்டும் என்று கண்டுபிடிக்க எனக்குப் பல நாள் ஆனது. சாய்த்தால் ஒன்று மின்னும். நகம் கடித்துத் துப்பியதுபோல மெல்லிய செதில். விரல் நுனியை எச்சில்படுத்தித் தொட்டால் ஒட்டிக்கொண்டு வரும். அப்படிச் சேர்த்த செதில்கள்தான் அந்த டின்னில். பாட்டி பார்த்துவிட்டு, “காக்காய்ப்பொன்னுடி, காலணாவுக்கு ஆகாது” என்றார். அம்மா மட்டும் டின்னைத் தூக்கி எறியவில்லை. தோட்டம் கைமாறி, ரப்பரை வெட்டிச் செம்பனை வைத்து, லயத்தை இடித்து, நாங்கள் டவுனுக்கு வீடு மாறியபோதும் அந்த டின் பெட்டிக்குள் வந்திருக்கிறது. எனக்கே தெரியாது.

நம் மழையிலும் வெயிலிலும் கல் உளுத்துப் போகும்போது பயோடைட்டிலிருந்து பொட்டாசியம் கழுவிக்கொண்டு போகும், இரும்பு துருவேறும், கறுப்பு வெண்கல நிறமாகும். நான் பொறுக்கியது அதைத்தான். பாதையில் மின்னியது செதிலின் முகத்தில் பட்டுத் திரும்பிய ஒளி. நுண்ணோக்கியில் நீ பார்ப்பது உள்ளே ஊடுருவி வரும் ஒளி. இரண்டும் ஒன்றில்லை, தேர்வில் ஒன்றாக்கி எழுதிவிடாதே. ஆனால் இரண்டுக்கும் ஒரு தலை திரும்ப வேண்டியிருக்கிறது.

மேல் போலரைசரையும் போட்டுப் பார்த்தாயா? கடிதத்தில் அதைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. 0.03 மில்லிமீட்டர் கனமுள்ள சரியான சீவலில் பயோடைட்டுக்கு மூன்றாம் வரிசை வரை நிறங்கள் எழும்பும். ஆனால் அதன் சொந்தப் பழுப்பு அவற்றை மூடிவிடும். நிறத்தைப் பார்த்து ஏமாறாமல், கோடுகளைக் குறுக்குக்கம்பியோடு ஒன்றச் செய். துணுக்கு அணையும். மெதுவாக, மூச்சுவிடாமல் பார். முழுக்க அணையாது. இருட்டுக்குள் பொடிப்பொடியாக வெளிச்சப் புள்ளிகள் நிற்கும். சீவலைத் தேய்க்கும்போது மெல்லிய தாள்கள் அங்கங்கே வளைந்துபோவதால் எல்லாப் புள்ளியும் ஒரே நேரத்தில் அணைவதில்லை. பறவைக்கண் என்று சொல்வார்கள். ஹார்ன்பிளெண்டில் இது வராது. இதை முதன்முதலில் பார்த்தபோது ஆய்வகத்தில் எல்லார் முன்னாலும் எனக்குக் கண் கலங்கிவிட்டது. அம்மா தலையைத் திருப்பி முடித்த பிறகும் அணையாமல் மிஞ்சியிருக்கிற பாதை அது.

பயோடைட் என்ற பெயர் யாருடையது தெரியுமா? 1847-இல் ஜெர்மானியரான ஹவுஸ்மன், மைக்காவின் ஒளிப்பண்புகளை ஆராய்ந்த பிரெஞ்சு இயற்பியலாளர் ஜான் பாப்டிஸ்ட் பியோவின் நினைவாக வைத்த பெயர். 1803-இல் பிரான்சின் லேக்ல் என்ற ஊரில் வானத்திலிருந்து கற்கள் விழுந்தன என்று சேதி வந்தது. படித்தவர்களில் பலர் அதை நம்பத் தயாராக இல்லை. பியோவை அனுப்பினார்கள். அவர் ஊர் ஊராக நடந்தார், கண்டவர்களிடம் கேட்டார், கல் விழுந்த இடங்களைக் குறித்தார், திரும்பி வந்து கல் வானத்திலிருந்துதான் விழுந்தது என்று எழுதினார். அந்த மனிதரின் பெயரைத் தாங்கிய கனிமத்தை நீ படம் எடுத்து அனுப்பிவிட்டுக் காத்திருக்கிறாய்.

சரி, திட்டியது போதும். கல்லைச் சாலையோரத்திலிருந்து தூக்கி வந்து, பொறுமையாகத் தேய்த்துச் சீவலாக்கியவன் நீ. மாறுவது எது மாறாதது எது என்று பிரித்துப் பார்த்தவனும் நீதான். செயலி அதைப் பார்க்கவில்லை. அப்புறம் ஏன் உன் கண்ணை நம்பாமல் அதை நம்பினாய் என்பதுதான் எனக்கு ஆற்றாமை.

இப்படிச் செய். அதே சீவலில் பழுப்புத் துணுக்குகள் இருபதை எண்ணிக்கொள். ஒவ்வொன்றையும் ஒரு முழுச் சுற்று திருப்பு. கோடு இருக்கிறதா, எத்தனை வரிசை, எந்தத் திசையில் கறுக்கிறது, அணையும்போது புள்ளி நிற்கிறதா என்று நோட்டில் எழுது. உன் நுண்ணோக்கியில் போலரைசர் குறுக்கே இருக்கிறதா நெடுக்கே இருக்கிறதா என்று தெரியாவிட்டால், நல்ல கோடுள்ள பயோடைட் ஒன்றை முழுக்கக் கறுக்கும்வரை திருப்பு. கோடு காட்டும் திசைதான் போலரைசரின் திசை. பழுப்புக்குள் கரும்வட்டம் சூழ்ந்த சின்ன மணி ஏதாவது கண்ணில் பட்டால் அங்கே கொஞ்சம் நில். பெரும்பாலும் சிர்கான் என்ற கனிமமாக இருக்கும். அதற்குள் இருக்கும் யுரேனியமும் தோரியமும் கோடிக்கணக்கான ஆண்டுகளாகப் பக்கத்து மைக்காவைச் சுட்டுக்கொண்டிருந்த தழும்பு அந்த வட்டம். இது கதிரியக்கத்தின் வேலை என்று டப்ளினில் இருந்த நிலவியலாளர் ஜான் ஜோலி 1907-இல் சொன்னார். ஈயலம்பலில், அதாவது மணலை அலம்பி வெள்ளீயம் எடுக்கும்போது, நம் பெண்கள் கழித்துப் போட்ட அமாங் என்ற மிச்ச மணலில் இருந்ததும் இதே சிர்கான்தான்.

நோட்டை மட்டும் கொண்டு வா, படம் வேண்டாம். தைப்பூச விடுமுறைக்கு வருவாய் அல்லவா, வீட்டுக்கு வா. டின்னைத் திறந்து காட்டுகிறேன். கைவிளக்கு நான் வைத்திருக்கிறேன், இருட்டிய பிறகு வா.

அன்புடன்,
அக்கா